எத்தனை மணி நேரம் ஓடினால் நம்பலாம்?

ஓவர்கிளாக் செய்கிற பையன்கள் சந்தித்துக்கொண்டால் ரெண்டே கேள்விதான். “எவ்ளோ போகுது?” “ஸ்டேபிளா?” முதல் கேள்விக்கு ஓர் எண்ணைச் சொல்லிவிடலாம். 4.5, 4.7, 5.1 என்று கிகாஹெர்ட்ஸ் கணக்கு. திரையில் தெரிகிறது, யாரும் மறுக்க முடியாது. இரண்டாவது கேள்விக்கு எல்லாரும் “ஸ்டேபிள்தான்” என்கிறோம். நானும் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். அந்த ஒரு சொல்லில் எதைச் சொல்கிறோம், யாருக்குச் சொல்கிறோம் என்று யோசிக்கப் போனால் பேச்சு கணினியை விட்டு வெளியே வந்துவிடுகிறது.

பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். கடையில் விற்கும் ஒவ்வொரு ப்ராசசருக்கும் ஒரு வேகம் குறிக்கப்பட்டிருக்கும். பயாஸுக்குள் போய் அந்த வேகத்தை நாமே ஏற்றுவதுதான் ஓவர்கிளாக். வேகம் ஏற்றினால் மின்னழுத்தமும் ஏற்ற வேண்டிவரும். மின்னழுத்தம் ஏறினால் சூடு ஏறும். சூட்டைத் தணிக்கப் பெரிய கூலர் வாங்க வேண்டும். பல்கலைக்கழக விடுதியில் நான் முதலில் கைவைத்தது ஓர் ஐ5-2500கே. இன்டெல் 2011இல் வெளியிட்ட நாலு கோர் சிப்பு. என்னிடம் வந்தபோது ரெண்டு மூன்று கை மாறியிருந்தது. குறித்த வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். ஊர் உலகமெல்லாம் அதை 4.5இல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள், நானும் ஓட்டினேன். அதன் உலோக மூடியில் வேகத்தைப் பொறித்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் ‘மலாய்’ என்று ஒரு சுருக்கம் இருந்தது. மலேசியாவில் பொருத்திச் சோதித்தது என்று அர்த்தம். இன்டெல் பினாங்குக்கு வந்தது 1972இல். அதற்குப் பிறகு எத்தனையோ தோட்டத்துப் பெண்கள் தொழிற்சாலை பஸ் ஏறிப் பாயான் லெப்பாஸுக்குப் போனார்கள். அவர்களில் என் அத்தையும் ஒருவர். வேறொரு தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில், ஷிப்டு வேலை.

சரி, 4.5 போகிற பொருளின் மேல் ஏன் 3.3 என்று எழுதினார்கள்? விடுதியில் இதற்கு ஒரே பதில்தான். “ஏமாத்துறானுங்க மச்சான்.” முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. நன்றாக ஓடக்கூடிய சிப்பையே கீழ் விலைக்கு, கீழ் வேகம் குறித்து விற்பதும் இந்தத் தொழிலில் நடப்பதுதான். 1998இல் வந்த செலரான் 300ஏ, பஸ் வேகத்தை 66இலிருந்து 100க்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸிலிருந்து 450க்குத் தாவும். ஏழை மாணவனின் தேர் அது.

ஆனால் பெரிய காரணம் வேறு. ஒரே சிலிக்கன் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் பிறந்த சிப்புகள்கூட ஒன்றுபோல் இருக்காது. ஒன்று குறைந்த மின்னழுத்தத்தில் பறக்கும், இன்னொன்று முக்கும். சோதித்து, தரம் பிரித்து, ஒரு கூடைக்கு ஒரு பெயர் வைக்கிறார்கள். கூடையின் மேல் எழுதும் எண், அதிலேயே மோசமான சிப்புக்கும் பொருந்த வேண்டும். அந்த மோசமான சிப்பு ஐந்தாறு வருஷம் கழித்து, மின்விசிறியில் தூசி அடைத்து, தகரக் கூரைக்குக் கீழே பகல் ரெண்டு மணிக்கு ஓடும்போதும் பொருந்த வேண்டும். ஆக, என் சிப்பில் மிச்சமிருக்கும் வேகம் சும்மா கிடப்பதாக எனக்குத் தோன்றினாலும், அது முகம் தெரியாத யாரோ ஒருவருக்காக ஒதுக்கப்பட்ட பங்கு. நான் அந்த ஆள் இல்லை, என் அறை எனக்குத் தெரியும், விசிறியை நானே துடைக்கிறேன் என்று சொல்லி அந்தப் பங்கை எடுத்துக்கொள்கிறேன். இதில் தப்பு இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஒரு பொறுப்பு கை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதுவரை தொழிற்சாலை கொடுத்துவந்த வாக்கை இனி நான் கொடுக்க வேண்டும்.

கணக்கும் சும்மா வராது. மின்செலவு வேகத்தோடு நேராகவும் மின்னழுத்தத்தோடு இருமடியாகவும் ஏறும். 3.3இலிருந்து 4.5க்குப் போனால் வேகம் 36 விழுக்காடு கூடுகிறது. அதற்காக 1.2 வோல்ட்டை 1.35 ஆக்கினால் மின்செலவு ஏறக்குறைய 72 விழுக்காடு கூடும். கடைசி எட்டுகளுக்கு விலை அதிகம்.

வாக்குக் கொடுக்கத்தான் சோதனை. ஓவர்கிளாக் உலகத்தில் அதற்குப் பழைய பெயர் பிரைம்95. மிகப்பெரிய பகா எண்களைத் தேடுவதற்கு ஜார்ஜ் வோல்ட்மன் 1996இல் தொடங்கிய கூட்டு முயற்சிக்கு எழுதப்பட்ட நிரல் அது. அதிலேயே ‘சித்திரவதைச் சோதனை’ என்று ஒரு பகுதி உண்டு, பெயரே அதுதான். விடை முன்கூட்டியே தெரிந்த ராட்சதக் கணக்குகளைக் கோர்களிடம் கொடுத்து, வரும் விடை சரியா என்று பார்க்கும். எனக்கு மிகப் பிடித்த சமாசாரம் அதற்குள் இருக்கிறது. கோடிக்கணக்கான இலக்கம் கொண்ட முழு எண்களைப் பெருக்க அது தசம எண்களைக் கொண்ட ஒரு குறுக்கு வழியில் போகிறது. கடைசியில் வரும் ஒவ்வொரு எண்ணும் ஏதாவது ஒரு முழு எண்ணுக்கு மிக அருகில் இருந்தாக வேண்டும். அந்த இடைவெளி 0.4ஐத் தாண்டினால் நிரல் நின்றுவிடும். “0.5 வந்தது, 0.4க்குக் குறைவாக எதிர்பார்த்தேன்” என்கிற மாதிரி ஒரு செய்தி வரும். 0.5 என்றால் ரெண்டு முழு எண்களுக்குச் சரிபாதி நடுவில். இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாமல் அங்கேயே நின்றுவிடுகிறது. இந்தப் பண்பு எல்லா எந்திரத்துக்கும் இருப்பதில்லை என்பதற்குக் கீழே வருகிறேன்.

எவ்வளவு நேரம் ஓட்ட வேண்டும்? ஒருவர் 1 மணி நேரம் என்பார், இன்னொருவர் 8. கொஞ்சம் ஆச்சாரமான ஆட்கள் 24. இந்த எண்களுக்குப் பின்னால் எந்தத் தேற்றமும் கிடையாது. எட்டு மணி நேரம் என்பது மனிதன் தூங்குகிற நேரம், அதனால் வந்திருக்கலாம் என்பது என் சந்தேகம். 24 மணி நேரம் பிழையில்லாமல் ஓடியது என்றால் 24 மணி நேரம் ஓடியது என்று மட்டும்தான் பொருள். 25ஆவது மணி நேரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. சோதனையால் பிழை இருப்பதைக் காட்ட முடியும், இல்லாமையைக் காட்ட முடியாது என்று நிரலாளர்களுக்கு டைக்ஸ்ட்ரா சொல்லிவைத்தார். அறிவியல் கோட்பாடுகளைப் பற்றி கார்ல் பாப்பர் சொன்னதும் இதே வீட்டுச் சங்கதி. இவ்வளவும் பாடத்தில் படித்ததுதான். எனக்கு இதைவிடப் பெரிய அடி வேறோர் இடத்தில் இருந்து வந்தது.

இப்போது நான் வைத்திருப்பது ரைசன் 5 5600எக்ஸ். ஆறு கோர். இந்தக் காலத்துச் சிப்புகளில் எல்லாக் கோரையும் ஒரே வேகத்தில் கட்டிப்போடுவதைவிட ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாக மின்னழுத்தத்தைக் குறைத்து, அதனால் மிச்சமாகும் சூட்டையும் மின்சாரத்தையும் வேகமாக மாற்றுவதுதான் லாபம். கோர் வாரியாகப் படிப்படியாகக் குறைக்கலாம், அதிகபட்சம் 30 படி. ஒரு படிக்கு ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட். நான் குறைத்தேன். இரவு முழுக்கப் பிரைம்95, ஆறு கோரும் நூறு விழுக்காடு. ஒரு பிழை இல்லை. காலையில் தேநீரோடு வந்து உட்கார்ந்து, இதே மாதிரி ஒரு கட்டுரைக்காகத் திறந்த கோப்பில் ஒரு வரியும் எழுதாமல் வெறித்துக்கொண்டிருந்தபோது, டப்பென்று திரை கருத்து கணினி மறுபடி தொடங்கியது. சும்மா இருந்த கணினி!

காரணம் தெரிந்தால் விசித்திரம் ஒன்றுமில்லை. ஆறு கோரும் சேர்ந்து உழைக்கும்போது மின்சார வரம்பும் சூடும் வேகத்தைக் கீழே இழுத்துவிடும். உச்சத்தைத் தொட வாய்ப்பே வராது. எல்லாரும் ஓய்ந்திருக்கும்போது ஏதோ ஒரு சின்ன வேலைக்காக ஒரே ஒரு கோர் எழுந்து 4.6க்குத் தாவும். சிப்பின் உச்ச வேகம் அந்தக் கணத்தில்தான். அந்தத் தாவலுக்கு வேண்டிய மின்னழுத்தத்தில்தான் நாம் கைவைத்திருக்கிறோம். பிழைப் பதிவேட்டைத் திறந்தால் எந்தக் கோர் என்ற எண்ணும் இருக்கும். என்னுடையதில் அது ஆறிலேயே கெட்டிக்காரக் கோர். இதுவும் பலர் கண்ட விஷயம்தான். நல்ல கோருக்குத் தொழிற்சாலையிலேயே குறைவான மின்னழுத்தம் வைத்துவிடுகிறார்கள். மேலும் குறைக்க அதனிடம் இடமில்லை. (ஆபீசில் இதே மாதிரி ஒருவரை எல்லாருக்கும் தெரியும்.)

ஆக, சித்திரவதையை இரவெல்லாம் தாங்கியவன் ஓய்வில் விழுகிறான். இதைச் சோதிக்க இப்போது தனி நிரல்கள் உண்டு. கோர் கோராக, ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மட்டும் வேலை கொடுத்து, நிறுத்தி, மறுபடி கொடுத்துப் பார்க்கும். பிரைம்95லேயே சின்ன அளவுக் கணக்கு கோர்களை வாட்டும், பெரிய அளவுக் கணக்கு நினைவகப் பாதையை வாட்டும். ஒன்றில் தேறியதை மற்றதில் தேறியதாக எடுத்துக்கொள்ள முடியாது.

இந்த நேரத்தில்தான் திருக்குறளின் 51ஆம் அதிகாரத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். தெரிந்து தெளிதல். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்தது. ஓர் ஆளை அரசன் எப்படிச் சோதித்து நம்ப வேண்டும் என்பது பொருள். முதல் குறளே நாலு சோதனை சொல்கிறது. அறம், பொருள், இன்பம், உயிருக்கு அஞ்சும் அச்சம். பரிமேலழகர் உரையில் இவை ஒவ்வொன்றும் ஒரு நாடகம். உபதை என்கிறார். அறத்துக்கு, புரோகிதரையும் அறவோரையும் அனுப்பி, இந்த அரசன் அறவழி நிற்பவன் இல்லை, இவனை நீக்க எண்ணியிருக்கிறோம், உன் கருத்து என்ன என்று கேட்கவைப்பது. இன்பத்துக்கு, அந்தப்புரத்தோடு பழகிய ஒரு தவமூதாட்டியைத் தூது அனுப்புவது. படிக்கும்போது கொஞ்சம் அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் சோதனைப் பொறியாளன் கண்ணால் பார்த்தால் அதன் ஒழுங்கு புரிகிறது. பணத்துக்கு மசியாதவன் பயத்துக்கு மசியலாம். ஆகவே நாலும் தனித்தனியாக. சோதிக்கப்படுகிறவனுக்கு அது சோதனை என்று தெரியவும் கூடாது. தெரிந்தால் நடித்துவிடுவான். கார்களே நடித்திருக்கின்றனவே, 2015இல் வோக்ஸ்வேகன் டீசல் வண்டிகள் புகைச் சோதனை நடப்பதைக் கண்டுகொண்டு அந்த நேரத்துக்கு மட்டும் சுத்தமாக மூச்சுவிட்டது அம்பலமானது.

எனக்கு அந்த நாலில் ஒரு குறை தெரிகிறது. நாலுமே கனமான தருணங்கள். ராஜத்துரோகம், பணம், காமம், உயிர். எதுவும் நடக்காத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மதியம் அந்த அமைச்சர் எப்படி இருப்பார் என்று யாரும் சோதிக்கவில்லை. நாம் எதைக் கண்டு பயப்படுகிறோமோ அதை வைத்துத்தான் சோதனை செய்கிறோம். நமக்குத் தோன்றாத பயத்தை எந்தச் சோதனையும் கேட்பதில்லை.

கணினி டப்பென்று அணைவது, சொல்லப்போனால், நாணயமான தோல்வி. தெரிந்துவிடுகிறது. பயப்பட வேண்டியது விழாமல் தப்பாகச் சொல்கிற கோரைக் கண்டுதான். 2021இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களுடைய தரவு மையத்தில் சில கோப்புகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. தேடித் தேடிப் போய், ஒரே ஒரு கணினியில் ஒரே ஒரு கோரில் முடிந்தது. 59ஆம் கோர். அதனிடம் 1.1ஐ 53ஆம் அடுக்குக்கு உயர்த்தி முழு எண்ணைக் கேட்டால் 156 வர வேண்டும். அது 0 என்றது. ஒவ்வொரு தடவையும். 52ஆம் அடுக்கைக் கேட்டால் 142 என்று சரியாகச் சொன்னது. கோப்பின் அளவு 0 என்று கணக்கு வந்தால் மேலே இருக்கும் நிரல் அந்தக் கோப்பு காலி என்று எடுத்துக்கொள்ளும். இத்தனைக்கும் அது ஓவர்கிளாக் செய்யாத சிப்பு. ஓர் எச்சரிக்கையும் எழவில்லை. 0.5 வந்ததும் நின்றுவிடும் அந்த நிரலின் பண்பு இங்கே இல்லை.

இதற்கு முன்னோடி 1994இன் பென்டியம் விவகாரம். லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி இரட்டைப் பகா எண்களின் தலைகீழ்களைக் கூட்டிக்கொண்டிருந்தபோது வகுத்தலில் ஒரு பிழையைக் கண்டார். சிப்பின் உள் அட்டவணையில் சில இடங்கள் விடுபட்டிருந்தன. இன்டெல்லின் முதல் பதில், விரிதாள் பயன்படுத்தும் சாதாரண ஆளுக்கு 27,000 ஆண்டுக்கு ஒருமுறைதான் இது வரும் என்பது. கடைசியில் கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றிக் கொடுத்தார்கள், 47 கோடியே 50 லட்சம் டாலர் செலவுக் கணக்கு எழுதினார்கள். என்னை உறுத்துவது அந்த 27,000. எண் சரியாகவே இருந்திருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அது தப்பான இடத்திலிருந்து சொல்லப்பட்ட எண். வாய்ப்பு எவ்வளவு குறைவு என்று சொல்கிறவருக்கு அந்தத் தப்பான விடையால் எதுவும் போகப்போவதில்லை. வாங்கினவனுக்குப் போகலாம், போனது அவனுக்குத் தெரியாமலும் இருக்கலாம். நைஸ்லி கண்டுபிடித்தது அவர் தன் விடைகளைத் திரும்பத் திரும்ப ஒத்துப்பார்க்கிற ஆள் என்பதால். நம்மில் யார் எக்செல் போட்ட கூட்டலைக் கையால் ஒத்துப்பார்க்கிறோம்?

போன வருஷம் இந்த யோசனையெல்லாம் ஒரு மேசைக்கு வந்தது. பட்டர்வொர்த் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிற அண்ணன் ஒருவர். பன்னிரண்டு கோர் ரைசன் 9 5900எக்ஸ் வைத்திருந்தார். ஓவர்கிளாக் செய்துதரச் சொன்னார். எல்லாக் கோரையும் 4.5க்கு ஏற்றினால் மூன்று மணி நேர ரெண்டரில் பத்துப் பதினைந்து நிமிடம் மிச்சமாகும். செய்யலாம், சோதிக்கலாம். ஆனால் அவருக்கு என் வாயால் “ஸ்டேபிள்” என்று கேட்க வேண்டும்.

“அண்ணே, என் கம்பியூட்டர்ன்னா சொல்லிடுவேன். போனா என் கேம், என் கட்டுரை. உங்களோடதுல இருக்குறது அடுத்தவங்க கல்யாணம். மறுபடி எடுக்க முடியாது.”

அவர் சிரித்தார். “தம்பி, நான் கேமராவ நம்பித்தானே மண்டபத்துக்குப் போறேன். அதுக்கு எவன் எழுதிக் கொடுத்தான்? ரெண்டு வாரத்துல கொடுன்னு கேக்குறாங்க, லேட்டானா காசப் புடிச்சிக்கிறாங்க. நீ சேஃப்டி சேஃப்டின்னு மெதுவா ஓட்டச் சொன்னா அந்த நஷ்டம் யாருக்கு? உனக்கா?”

இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. இப்போதும் முழுப் பதில் இல்லை. மெதுவாகப் போவதற்கும் ஒரு விலை உண்டு, அதையும் யாரோ ஒருவர்தான் கட்டுகிறார். ஜாக்கிரதையாக இரு என்று சொல்கிறவன் பெரும்பாலும் அந்த விலையைக் கட்டாதவன். இன்டெல்லின் 27,000 ஆண்டுகளைப் பற்றி நான் மேலே சொன்ன குறையை அண்ணன் எனக்கே திருப்பிப்போட்டுவிட்டார்.

ஆனால் அவர் கணக்கில் மூன்றாவது ஆள் இல்லை. தாமதம் ஆனால் நஷ்டம் அவருக்கு, அது அவருக்குத் தெரியும், அதை ஏற்பதும் ஏற்காததும் அவர் உரிமை. காட்சி அழிந்தால் நஷ்டம் கல்யாணப் பெண்ணுக்கு. அவரிடம் யாரும் “4.5இல் ஓட்டலாமா?” என்று கேட்கவில்லை. அங்கிருந்து பேசி ஒரு வழிக்கு வந்தோம். மெமரி கார்டிலிருந்து எடுப்பது, ரெண்டு டிஸ்க்கில் நகல் போடுவது, ஒத்துப்பார்ப்பது எல்லாம் கைவைக்காத பழைய லேப்டாப்பில். ரெண்டர் மட்டும் இதில். ரெண்டர் கெட்டால் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். வீடியோவைக் கொடுத்து முடிக்கும்வரை கார்டை அழிக்கக் கூடாது. கார்டு விஷயத்துக்கு மட்டும் முகம் சுளித்தார், கார்டு விலை அவருக்கல்லவா தெரியும்.

சோதனையை அவர் கடையிலேயே, அவர் அறையிலேயே, பகல் பன்னிரண்டுக்கு ஏர்கோனை அணைத்துவிட்டு ஆரம்பித்தேன். முடிந்ததும் அவரிடம் சொன்னேன்: “இந்த ரூம்ல, இந்தச் சூட்டுல, இந்த மூணு சோதனையில, 12 மணி நேரத்துல பிழை வரல.”

“அதான தம்பி ஸ்டேபிள்?”

“நான் சொன்னது அவ்ளோதான்ண்ணே.”

வார்த்தை விளையாட்டு என்று அவர் நினைத்திருக்கக்கூடும். எனக்கு அந்த வித்தியாசம் முக்கியம். “ஸ்டேபிள்” என்று சொன்னால் அது சிப்பைப் பற்றிய உண்மை போல ஒலிக்கிறது. மற்றது நான் என்ன செய்தேன் என்பதன் கணக்கு, மீதியை அவர் பார்த்து முடிவெடுத்துக்கொள்ளலாம்.

அதே அதிகாரத்தின் கடைசிக் குறள் ரெண்டு ஆபத்து சொல்கிறது. ஆராயாமல் நம்புவது, நம்பியபின் சந்தேகப்படுவது, ரெண்டும் தீராத துன்பம். முதல் பாதியில் எனக்குத் தகராறு இல்லை. ரெண்டாவது பாதி சிப்புக்குப் பொருந்துவதில்லை. சிலிக்கனுக்கு வயதாகும். கூடுதல் மின்னழுத்தமும் சூடும் அதை வேகமாகக் கிழவனாக்கும். அன்று 1.25 வோல்ட்டில் தேறியதற்கு மூன்று வருஷம் கழித்து 1.28 வேண்டிவரலாம். 2024இல் இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளில் இதுதான் வெடித்தது. ஓவர்கிளாக் செய்யாமல், பெட்டியிலிருந்து எடுத்தபடியே ஓட்டியவர்களுக்கும் கணினி விழ ஆரம்பித்தது. சிப்பே தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அதனால் கோருக்குள் கடிகாரத் துடிப்பைக் கொண்டுபோகும் சுற்று மூப்படைந்து, குறைந்தபட்சத் தேவை மேலே நகர்ந்துவிட்டது என்று இன்டெல் விளக்கியது. மைக்ரோகோடு மாற்றம் கொடுத்தார்கள், உத்தரவாதத்தை ரெண்டு வருஷம் நீட்டினார்கள். ஏற்கனவே மூப்படைந்ததை மைக்ரோகோடு இளமையாக்காது. கடைசிச் சொட்டு வேகத்துக்கான போட்டியில் அந்த முகம் தெரியாத ஆளின் பங்கில் தொழிற்சாலையே கைவைத்துவிட்டது என்றுதான் நான் அதைப் படித்தேன்.

அத்தையிடம் ஒருமுறை கேட்டேன், சோதிக்கிற மெஷின் சரியாக இருக்கிறது என்று எப்படித் தெரியும்? ஷிப்டு மாறும்போது முதலில் ஒரு ‘கோல்டன் யூனிட்’டை வைப்பார்களாம். நல்ல சிப்பு என்று ஏற்கனவே உறுதியான ஒன்று. மெஷின் அதைத் தேறியது என்று சொன்னால்தான் அன்றைய வேலை ஆரம்பம். இல்லையென்றால் குறை மெஷினில். “அந்தக் கோல்டன் யூனிட்டே கெட்டுப்போயிருந்தா?” என்றேன். “கெடும். அதுக்கும் தேதி போட்டு வச்சிருப்பாங்க, மாத்துவாங்க” என்றார், இதில் என்ன அதிசயம் என்கிற முகத்தோடு.

ஆட்கள் விஷயத்தில் வள்ளுவர் சொல்வது எனக்குப் புரிகிறது. நம்பிய நண்பனைத் தேதி போட்டு மறுபடி சோதித்தால் நட்பு மிஞ்சாது. சிப்பிடம் அந்த மனத்தாங்கல் இல்லை. ஆனால் அண்ணன் நம்பியிருப்பது சிப்பையா, என்னையா? வருஷத்துக்கு ஒருமுறை வந்து ஓட்டிப்பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்தது ஆவணியில், கல்யாணக் கூட்டம் ஆரம்பிக்கும் முன்னால். கார்டுகளை அவர் உண்மையில் அழிக்காமல் வைத்திருக்கிறாரா என்று கேட்பதா வேண்டாமா என்பதுதான் இப்போதைக்கு என் சங்கடம்.